மயானத் தாயிடம் நாங்கள் மறைத்தது

அங்காளம்மனைத் தாயே என்று கூப்பிடுகிற எல்லாருக்கும், அவள் காலடியில் கிடக்கிற ஒருவன் எழுதுவது.

பிரமாதி வருஷம் மாசி மாதம் என் மகள் இறந்தாள். ஐந்து மாதக் குழந்தை. அவள் இறந்ததை நாங்கள் எட்டு நாள் ஊருக்குச் சொல்லவில்லை. அந்த எட்டு நாளில் என் மனைவி தனக்கோட்டியும் பிழைக்க மாட்டாள் என்று ஆகிவிட்டது. அவளைத் திருப்பித் தந்தது தாய். எப்படித் தந்தாள் என்று சொல்ல வேண்டுமானால் நாங்கள் செய்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு வருஷமாக எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தேன். தனக்கோட்டிதான் சொன்னாள்: "அவ செஞ்சத மட்டும் எழுதுனா அது பாதிதான். நாம செஞ்சதையும் எழுது." எழுதுகிறேன்.

நாங்கள் பாகூர் ஏரியில் வலை வீசிப் பிழைக்கிறவர்கள். ஏரிக்கரையில் இருக்கிற அங்காளம்மன் கோயிலுக்குப் பூசை செய்கிறவர்களும் நாங்கள்தான். எங்கள் சனத்தில் மூன்று வகையறா உண்டு. ஒவ்வொரு வகையறாவிலும் நான்கு வீடு. மாசி அமாவாசையன்று நடக்கும் மயானக் கொள்ளைக்குக் கப்பரை எடுக்கும் முறை வருஷத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். அப்படிப் பார்த்தால் ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.

கப்பரை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவபெருமான் பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளினார். கிள்ளிய தலை கீழே விழவில்லை. அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. யார் எந்தப் பிச்சை போட்டாலும் அந்த மண்டை ஓடே தின்றுவிடும். அவருக்கு ஒரு பருக்கை மிஞ்சாது. பட்டினியோடு, பித்துப் பிடித்து, சுடுகாடு சுடுகாடாக அலைந்தார். பிடுங்கப் பிடுங்க ஓடு இன்னும் இறுகியது. கடைசியில் தாய்தான் சுடுகாட்டுக்கு வந்தாள். சோற்றைப் பிசைந்து ஒரு கவளத்தை ஓட்டில் போட்டாள். இன்னொரு கவளம் போட்டாள். மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட ஓடு தானாகக் கையை விட்டு இறங்கித் தரைக்கு வந்தது. அவள் பேருருவம் எடுத்து அதைக் காலால் மிதித்தாள். அந்த ஓட்டின் அடையாளமாக முகம் வைத்த மண் கலயம் ஒன்றை நாங்கள் எடுப்போம். அதுதான் கப்பரை. எடுக்கிறவர் சேலை கட்டி, முகத்தில் கறுப்புப் பூசி, கையில் முறத்தோடு தாயாகவே மயானத்துக்குப் போவார். அங்கே சுண்டலும் கொழுக்கட்டையும் சோறும் இறைபடும்.

என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அந்த முறை இருபத்து நான்கு வருஷமாக வரவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், போன தடவை எங்கள் வீட்டுக்கு முறை வந்தபோது, தை மாதத்தில் என் தாத்தா இறந்துபோனார். தீட்டு விழுந்துவிட்டது. முறை அடுத்த வகையறாவுக்குப் போனது. அதை எடுத்தவர் கோவிந்தன் மாமன். அன்றிலிருந்து நைனா தலைமுடி வெட்டவில்லை. சடை இடுப்பைத் தாண்டி இறங்கியது. ஏரியில் இறங்கும்போது அதைத் தலைமேல் சுற்றி வலைக்கயிற்றால் கட்டிக்கொள்வார். அறுபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. இதுவும் போனால் அடுத்தது தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்துப் படித்தவன் நான். எங்கள் ஊரை ஆளுகிற பிரெஞ்சுக்காரர்களின் பள்ளிக்கூடத்தில் படித்து, செர்த்திபிக்கா என்கிற சான்று வாங்கினேன். மேரி என்று நாங்கள் சொல்கிற கொம்யூன் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்து வேலை கிடைத்தது. பிறப்பையும் இறப்பையும் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. என் மகள் பூங்காவனம் பிறந்ததை நானே என் கையால் எழுதினேன். அந்தப் பக்கத்தில் என் எழுத்து மற்ற நாளைவிட அழகாக இருக்கும். இப்போதும் பார்க்கலாம்.

படித்தவன் என்பதால் எனக்கு எங்கள் தாயைப் பார்த்தால் கூச்சம். நாக்கு தொங்கும் வாய், கோரைப்பல், மடியில் அவளே வயிறு கிழித்த ராணி, காலடியில் மண்டை ஓடு. பட்டணத்திலிருந்து கூடப் படித்தவர்கள் வந்தால் கோயில் தெரு வழியாக அழைத்துவர மாட்டேன், வாய்க்கால் வழியாகச் சுற்றிக் கூட்டி வருவேன். தீட்டு என்பதெல்லாம் அறியாமை என்று நைனாவிடமே பேசியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொள்வார்.

மாசி அமாவாசைக்கு எட்டு நாள் முன்னால் சாயங்காலம் காப்புக் கட்டுவதாக இருந்தது. முந்தின நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. இசிவு வந்தது. வைத்தியர் உரைத்துக் கொடுத்த மருந்து நாக்கில் பட்டதோ இல்லையோ, விடிந்து ஏரிக்குக் கிளம்பும் நேரத்தில் குழந்தை போய்விட்டது. தனக்கோட்டியின் கையில்தான் இருந்தது. அவளுக்கே சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் வாய் திறந்தாள். குரல் வருவதற்குள் என் அம்மா தன் முந்தானையைச் சுருட்டி அவள் வாயில் அடைத்துவிட்டாள். அம்மா கெட்டவள் இல்லை. அவளும் அழுதுகொண்டுதான் அடைத்தாள்.

நைனா கதவில் சாய்ந்து நின்றார். எங்கள் வழக்கத்தில் காப்பு ஏறிவிட்டால் பிறகு சாவு விழுந்தாலும் தீட்டு ஒட்டாது. காப்புக்கு முன்னால் விழுந்தால் முறை போய்விடும். "ஒரு பொழுதுடா," என்றார். "சாயந்தரம் வரைக்கும் இருந்திருக்கக் கூடாதா இது." அதைச் சொன்னதும் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார்.

மறைக்கலாம் என்று சொன்னது நைனா இல்லை. நான். தீட்டே பொய், அந்தப் பொய்யால் ஒரு கிழவரின் இருபத்து நான்கு வருஷம் வீணாகலாமா, பொய்யை ஒரு பொய்யால் தள்ளினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. படித்த மூளைக்கு அது நியாயமாகவே தெரிந்தது.

"யாருக்கும் தெரிய வேணாம் நைனா. நீ போயி காப்பு கட்டிக்க."

"தாய்க்குத் தெரியாமப் போவுமா?"

"மண்ணுல செஞ்சதுக்கு இன்னா தெரியும்," என்றேன்.

இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனாலும் நான் சொன்னது இதுதான்.

மீன் கூடையில் வாழையிலை பரப்பி, குழந்தையை வைத்து, மேலே வலையைப் போட்டோம். காப்புக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை வலை வீசப் போகிறோம் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். எதிரே வந்த ஒருவர், "இன்னிக்கு நல்லா படட்டும்பா" என்று வாழ்த்திவிட்டுப் போனார். சுடுகாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெட்டியான் பார்ப்பான். ஏரியின் கிழக்கே, தண்ணீர் வற்றிய ஓரத்தில், நாணல் மேட்டில் குழி தோண்டினோம். பால் ஊற்றவில்லை. ஒரு பூ இல்லை. நைனா சடையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். நான் மண்ணைத் தள்ளி மிதித்தேன். நரி தோண்டாமல் இருக்க முள் வெட்டிப் போட்டேன்.

வீட்டில் அம்மா இன்னொரு வேலை செய்தாள். குழந்தையின் துணியில் பழஞ்சேலையைச் சுருட்டி வைத்து, தோளில் சாத்திக்கொண்டு, தெரு நடுவில் நடந்து போனாள். தனக்கோட்டிக்குக் காய்ச்சல், தாய்ப்பால் கொடுக்கக் கூடாது, அதனால் ஏம்பலத்தில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டில் குழந்தையை விட்டு வரப் போகிறேன், அங்கே ஆட்டுப்பால் இருக்கிறது என்று கேட்டவர்களிடம் சொன்னாள். "தூங்குதா?" என்று ஒருத்தி துணிமூட்டையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாளாம். அம்மா கரிக்கலாம்பாக்கம் போகும் பாதையில் ஒரு புளியந்தோப்பில் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். சாயங்காலம் பம்பை முழங்கியது. நைனாவின் கையில் காப்பு ஏறியது.

தனக்கோட்டிக்கு அப்போது காய்ச்சல் இல்லை. நாங்கள் சொன்ன பொய் அது. மூன்றாம் நாள் அது வந்தது. குடிக்க ஆள் இல்லாமல் பால் கட்டியது. இடது மார்பு கல்லாக இறுகிச் சிவந்தது. உடம்பு கொதித்தது. நாங்கள் வாயால் சொன்னதை யாரோ கேட்டுக்கொண்டிருந்து அப்படியே நடத்துவது போல இருந்தது. எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். கஞ்சியை வாயில் வைத்தால் வழிந்துவிடும். காப்பு அவிழ்ந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் அழு என்று அம்மா கெஞ்சினாள். அவள் அம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எங்கே வைத்தீர்கள் என்று. சொன்னால் அங்கே ஓடுவாள், ஊர் பார்க்கும். நான் சொல்லவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் அவளை வீட்டில் காணோம். ஏரிக்கு ஓடினேன். மதகுக்குப் பக்கத்தில், முழங்கால் சேற்றில் குனிந்து, இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் தண்ணீர் வற்றும் காலத்தில் அப்படித்தான் சேற்றைத் தடவி மீன் பிடிப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அவள் மீன்தான் பிடிக்கிறாள். நான் அருகில் போய்ப் பார்த்தேன். அவள் விரல்கள் மீனைத் தேடவில்லை. நாணல் மேடு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

கரைமேல் கோவிந்தன் மாமன் வந்து நின்றார். "இன்னாடா மாப்ள, காப்பு கட்டின வூட்ல மீன் கொழம்பா? எங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தனுப்பு," என்றார். விரதத்தில் மீன் தொடக் கூடாது. அவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும் கண் சிரிக்கவில்லை. மூக்குத்தி விழுந்துவிட்டது, அதைத் தேடுகிறாள் என்று சொன்னேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். எங்கள் முறையை எடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காத மனிதர். என் மனைவிக்குப் பக்கத்தில் குனிந்து, "எந்தப் பக்கம் வுழுந்துச்சி தாயி?" என்று கேட்டுக்கொண்டே தடவினார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கரையேறி, "காய்ச்சக்காரிய வெயில்ல உடாதடா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் வைத்தியர் வந்து பார்த்தார். மார்பில் சீழ் பிடித்திருக்கிறது, பட்டணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கீறிவிட வேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் கலந்துவிடும் என்றார். ஆனால் காப்புக் கட்டின வீட்டுக்காரர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. தாண்டினால் ஊரே கேட்கும், ஏன் என்று. நான் வண்டி பூட்டியிருக்க வேண்டும். நான் பூட்டவில்லை. எல்லையாவது மண்ணாவது என்று பேசிய அதே வாய் அன்றைக்கு, இன்னும் நான்கு நாள்தானே என்றது. தீட்டைப் பொய் என்றேன், எல்லைக்குப் பயந்தேன். என் படிப்பு எனக்கு வேண்டிய பக்கம்தான் பேசியது.

அன்று நான் செய்த முதல் பிரார்த்தனை என்ன தெரியுமா? கொள்ளை முடிகிறவரைக்கும் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்பது. அதைத்தான் கேட்டேன். என் மனைவி பாயில் கிடக்க, அதைத்தான் கேட்டேன். அந்தப் பிரார்த்தனைக்குத் தாய் செவி கொடுக்கவில்லை. அதற்காக நான் தினம் அவளை விழுந்து கும்பிடுகிறேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம். தனக்கோட்டிக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. வெளியே பம்பைக்காரரோடு நைனா உட்கார்ந்து தாயின் கதையைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து கேட்ட கதை. சிவன் கையில் ஓடு ஒட்டிக்கொண்ட இடம் வந்தது. போட்டதையெல்லாம் தின்றது, அவரைப் பட்டினி போட்டது என்று பாடினார். நான் தனக்கோட்டியின் கையைப் பார்த்தேன். குழந்தையைத் தாங்கியபடி மடங்கிய கை. எட்டு நாளாகப் படுத்தாலும் உட்கார்ந்தாலும் அப்படியே மடங்கி இருந்தது. நிமிர்த்தினால் திரும்பவும் மடங்கிவிடும்.

நாங்கள்தான் ஒட்ட வைத்தோம். இறக்க விடவில்லை. தரையில் வைத்து அழ விடவில்லை. அது அவளைத் தின்றுகொண்டிருந்தது.

நான் எழுந்து கோயிலுக்குப் போனேன். உச்சி வெயில். யாரும் இல்லை. தாயின் முகத்தை நான் அன்றுதான் நேராகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். எத்தனையோ சாமிகள் வாயை மூடிப் புன்னகையோடு நிற்கின்றன. எங்கள் தாய்க்கு வாய் எப்போதும் திறந்தேதான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் நான் வெட்கப்பட்டேன். இவள் பூமாலைக்குள் இருக்கிறவள் இல்லை. பிணம் எரியும் இடத்தை வீடாக வைத்துக்கொண்டவள். சாம்பல் பூசிக்கொள்கிறவள். ஊரே ஒதுங்கிப் போகிற இடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறவள். அவளிடம் போயா ஒரு பிணத்தை மறைத்தோம்?

மண்தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது. "தாயே, அவ கைல இருக்கறத நீதான் எறக்கணும். எங்க மானம் போனா போவட்டும்," என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. எழுந்தபோது ஒன்றும் மாறவில்லை. வீட்டுக்கு வந்தேன். அவள் அப்படியே கிடந்தாள். நைனாவிடம் எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்கிற வேலையையும் தாய்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அமாவாசையன்று மத்தியானம் கப்பரை கிளம்பியது. சிவப்புச் சேலை, கறுத்த முகம், விரிந்த சடை. நைனா இல்லை அது. அம்மாவைத் தனக்கோட்டிக்குத் துணையாக விட்டுவிட்டு நானும் கூட்டத்தோடு போனேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் சுடுகாட்டுக்கு வர மாட்டார்கள். சொந்தப் பிள்ளை செத்தாலும் தெருமுனையோடு சரி. வருஷத்தில் ஒரே ஒரு நாள், மயானக் கொள்ளை நாளில்தான், அவர்கள் அந்த மண்ணை மிதிக்கலாம். அன்றைக்கு அவரவர் தங்கள் ஆளைப் புதைத்த இடத்தில், எரித்த இடத்தில் சுண்டலும் பழமும் வைத்துக் கும்பிடுவார்கள். நடுவில் தாய் மல்லாந்து படுத்திருப்பாள். இருபது அடி நீளத்துக்கு மண்ணால் பிடித்த உருவம். உயர்ந்த வயிறு, முழம் அகலத்துக்குத் திறந்த வாய். அந்த மண்ணில் அந்த வருஷம் எரிந்தவர்களின் சாம்பலும், புதைத்தவர்களின் குழிமண்ணும் ஒவ்வொரு பிடி சேர்த்திருப்பார்கள். அந்த வருஷம் ஊரில் செத்த எல்லாரும் அவள் உடம்பில் இருந்தார்கள். என் மகள் மட்டும் இல்லை.

பம்பை வேகம் பிடித்தது. பிள்ளை வரம் வேண்டியவர்களும் நோய்க்காரர்களும் வரிசையாகக் குப்புறப் படுத்தார்கள். தாய் அவர்களைத் தாண்டிப் போக வேண்டும். நைனா முறத்தை ஓங்கிக்கொண்டு முதல் ஆளைத் தாண்டினார். இரண்டாம் ஆளைத் தாண்டினார்.

அப்போது கூட்டம் விலகியது. தனக்கோட்டி வந்தாள். மூன்று நாளாகத் தலை தூக்க முடியாதவள் தனியாக நடந்து வந்தாள். பின்னால் அம்மா ஓடி வந்துகொண்டிருந்தாள், எட்டிப் பிடிக்க முடியவில்லை. தனக்கோட்டியின் மடங்கிய கையில் குழந்தையின் துணி இருந்தது. படுத்திருந்தவர்களோடு அவள் படுக்கவில்லை. முறம் ஓங்கி நின்ற தாயின் எதிரே போய் நின்றாள்.

"எம் பொண்ண எங்க வச்சிருக்கற?" என்று கேட்டாள்.

பம்பைக்காரர் கை தானாக நின்றது. கேட்டது மாமனாரையா தாயையா என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மாமனார் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்த்ததே கிடையாது. அன்றைக்குக் கண்ணோடு கண் பார்த்துக் கேட்டாள்.

நைனா அசையவில்லை. முறம் ஓங்கியபடியே நின்றது. ஏம்பலத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆவேசம் என்று துள்ளி அப்பால் போயிருக்கலாம். இருபத்து நான்கு வருஷம். சடை இடுப்புக்குக் கீழே. என் நைனாவை எனக்குத் தெரியும். அவர் வாயால் அது வரவே வராது.

"நாணல் மேட்டுல," என்றது அந்த வாய். "ஏரிக்குக் கெழக்கால. முள்ளு போட்டு மூடி வச்சிருக்குது. பால் ஊத்தல. பூ போடல." முறம் கீழே விழுந்தது. "அழுடி எம்மா. வாய தொறந்து அழு."

தனக்கோட்டி துணியைத் தாயின் மண் வயிற்றின் மேல் வைத்தாள். கை நிமிர்ந்தது. பிறகு அழுதாள். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். மார்பில் இரண்டு கையாலும் அறைந்துகொண்டு அழுதாள். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி உட்கார்ந்தாள், இன்னொருத்தி உட்கார்ந்தாள். அந்த மண்ணுக்குள் பிள்ளையை வைத்திருந்தவர்கள் எல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் செத்த பிள்ளைக்குக்கூட ஒருத்தி அன்றுதான் அழுதாள்.

ஆண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தீட்டோடு கப்பரை எடுத்திருக்கிறான், கொள்ளை கெட்டது என்றார்கள். இரண்டு பேர் நைனாவின் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். கோவிந்தன் மாமன் குறுக்கே வந்தார்.

"உடுங்கடா. தீட்டு பாக்கற எடமாடா இது? சுடுகாட்டுல நின்னுகினு தீட்டு தீட்டுங்கறான்."

பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "மூக்குத்தி மூக்குலதான் இருந்துச்சி. அன்னிக்கே பாத்தேன்," என்றார். "நீயே வந்து சொல்லுவன்னு இருந்தேன். நீதான் படிச்சவனாச்சே." அடித்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. முறத்தை எடுத்துக்கொண்டு மீதிக் கொள்ளையை அவரே நடத்தி முடித்தார். நைனா மண் உருவத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார், முகத்துக் கறுப்பு கரைந்து வழிய.

தனக்கோட்டி மயங்கி விழுந்தபோது அவள் இடுப்பு வரை சேலை நனைந்திருந்தது. மாரடித்து அழுததில் கட்டி உடைந்து சீழும் ரத்தமும் கொட்டியிருந்தது. பெண்கள் அழுத்தித் துடைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் உடம்பின் கொதிப்பு தணிந்தது. கஞ்சி கேட்டாள். மறுநாள் காப்பு அவிழ்த்ததும் வண்டி பூட்டிப் பட்டணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து வைத்துக் கட்டிய வெள்ளைக்கார டாக்டர், இன்னும் ஒரு நாள் உடையாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று பிரெஞ்சில் சொன்னார். அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். "அவ ஒடச்சா," என்றாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத மாட்டேன். நாணல் மேட்டைத் தோண்டினோம். குழந்தையை மயானத்துக்குக் கொண்டுவந்து, பால் ஊற்றி, பூ போட்டு வைத்தோம். அந்த வேலையின்போது நான் பார்த்தது என் கண்ணை விட்டுப் போகாது. பெரியவர்கள் கூடி எங்கள் வீட்டுக்கு இனி கப்பரை முறை இல்லை என்றார்கள். நைனா தன் கையாலேயே சடையை அறுத்துத் தாயின் காலடியில் வைத்தார். அடுத்த ஆடியில் போய்ச் சேர்ந்தார். சாகிறதற்கு முன் ஒரு தடவை கேட்டேன், அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னது நீயா என்று. "எனக்கு ஒண்ணும் நெனவு இல்லடா. மொறத்த தூக்கினது வரைக்கும்தான் நெனவு," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்ன அனுபவம் எங்களுக்கு உண்டு, அப்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மேரியில் அதிகாரி முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். வாங்க வேண்டிய ஏச்சை வாங்கிக்கொண்டேன். பிறகு பதிவேட்டைத் திறந்து என் மகள் இறந்ததை எழுதினேன். அந்தப் பக்கத்தில் என் எழுத்து அழகாக இல்லை.

எங்களுக்கு மறுபடி குழந்தை பிறக்கவில்லை. பிறக்கலாம், பிறக்காமல் போகலாம். அதை நான் தாயிடம் கேட்கவில்லை. கேட்டது கிடைத்தது. தனக்கோட்டி உயிரோடு இருக்கிறாள், பேசுகிறாள், சில நாள் என்னைத் திட்டுகிறாள். பட்டணத்து நண்பர்கள் வந்தால் இப்போது கோயில் தெரு வழியாகத்தான் அழைத்து வருகிறேன். ஏன் இவ்வளவு பயங்கரமாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். நாம் கொண்டுபோய்க் கொட்டுகிறதை அழகான சாமி தாங்காது என்றேன்.

சொந்தங்களே, அவளைப் பார்த்துப் பயப்படுங்கள், தப்பில்லை. ஆனால் எதையும் மறைக்காதீர்கள். வீட்டில் வைக்க முடியாததை, தெருவில் சொல்ல முடியாததை, கையை விட்டு இறங்காததைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போங்கள். அவள் பிடுங்க மாட்டாள். தரையில் சோற்றை இறைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

தினமும் சாப்பிட உட்காரும்போது தனக்கோட்டி முதல் கவளத்தை எடுத்து வாசல் மண்ணில் போடுகிறாள். காக்கையோ கோழியோ வந்து கொத்தும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு உள்ளே வந்து, இலையில் இருப்பதை மீதம் வைக்காமல் சாப்பிடுகிறாள்.